பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?

"பொண்ணு வெளுத்துப் போயிட்டே இருக்கா டாக்டர். தினமும் பீட்ரூட் ஜூஸ்தான் கொடுக்கிறேன், ரத்தமே ஊற மாட்டேங்குது!" பல தாய்மார்கள் என்னிடம் இப்படிக் குறைப்படுவது உண்டு. காய் சிவப்பாக இருக்கிறது, அதனால் ரத்தம் ஊறும் என்று ஒரு நம்பிக்கை. அந்தச் சிவப்பு, பீட்டானின் என்கிற நிறப்பொருள். அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

கணக்குப் பாருங்கள். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட இல்லை. வயசுக்கு வந்த பெண்ணுக்கு தினம் சுமார் 30 மில்லிகிராம் தேவை. பீட்ரூட்டை மட்டும் நம்பினால் மூன்று கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்! நடக்கிற காரியமா?

அப்படியானால் பீட்ரூட்டே வேண்டாமா? தாராளமாகச் சாப்பிடலாம். புது ரத்த அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமின் இதில் நிறைய இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையும், அதிகம் வேகவைத்தால் குறையும். அதனால்தான் பக்குவம் முக்கியம்.

வாங்கும்போது...

கைக்கு அடக்கமான, கல் போல் கெட்டியான காயாகப் பாருங்கள். ரொம்பப் பெரியது நார் ஓடியிருக்கும். தோல் சுருங்கி, அமுக்கினால் மெத்தென்று இருப்பது பழசு. கீரையோடு கிடைத்தால் விடாதீர்கள். கிழங்கைவிட கீரையில்தான் இரும்புச்சத்து அதிகம். நாமோ அதைக் கடையிலேயே கிள்ளிப் போட்டுவிட்டு வருகிறோம்!

வைக்கும்போது...

வீட்டுக்கு வந்ததும் இரண்டு அங்குலக் காம்பு விட்டு, கீரையைத் தனியாக நறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தைக் கீரை உறிஞ்சி, காய் வதங்கிப்போகும். கிழங்கைக் கழுவாமல், ஓட்டை போட்ட பையில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். கீரையை ஓரிரு நாளில் பருப்புப் போட்டுக் கூட்டாகச் செய்து, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். அந்தப் புளிப்பு, இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்.

சமைக்கும்போது...

தோல் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் நிறமும் சத்தும் சாக்கடைக்குத்தான். காம்பும் வாலும் உள்ளபடி முழுசாகக் கழுவி, குக்கரில் நாலைந்து விசில் விடுங்கள். ஆறியதும் தோல் கையோடு உரிந்து வரும். பிறகு நறுக்கி, தாளித்து, தேங்காய்ப்பூ போட்டு இறக்குங்கள். வெந்த தண்ணீரை ரசத்திலோ சப்பாத்தி மாவிலோ சேர்க்கலாம். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போடாதீர்கள், நிறம் கெடும், வைட்டமினும் வீணாகும்.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பீட்ரூட்டில் ஆக்ஸலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பொரியல் ஒரு கரண்டி போதும், ஜூஸ் வேண்டாம். இது ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். சிலருக்கு அப்படிப் போகும், இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குச் சற்று அதிகமாகவே. சாப்பிடுவதை நிறுத்தியும் இரண்டு நாளில் தெளியாவிட்டால் உடனே பரிசோதனை செய்யுங்கள்.

பெண் வெளுத்து, மாடி ஏறினாலே மூச்சு வாங்கினால், முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே போனால் அது சோகை. சித்த மருத்துவத்தில் பாண்டு என்போம். பூச்சித் தொல்லையா, மாதவிலக்கில் அதிகப் போக்கா என்று காரணம் கண்டு வைத்தியம் செய்ய வேண்டும். அயச்செந்தூரமானாலும் இரும்பு மாத்திரையானாலும் மருத்துவர் அளவு சொல்லித்தான் சாப்பிட வேண்டும். ஜூஸ் குடித்தால் சரியாகும் என்று மாதக்கணக்கில் நாள் கடத்தாதீர்கள். பீட்ரூட் தட்டில் இருக்கட்டும், வைத்தியமும் கூடவே நடக்கட்டும்.