விழாவின் மூலமும் விழாவின் பொருளும்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆண்டுதோறும் டிசெம்பர் மாதத்தில் எழுகின்ற ஒரு வழக்கைக் காணும்பொழுது, விழாமூலத்தையும் அவர்கள் அவற்றோடு சேர்த்திருக்கலாமோ என்று எண்ணத் தோன்றுகின்றது. "நத்தார் கிறிஸ்தவ விழாவன்று, உரோமரின் சூரிய விழாவே பெயர் மாறி வந்துள்ளது" என்பது அவ்வழக்கு. உயிர்த்த ஞாயிற்றைப் பற்றியும் இவ்வாறே ஒரு கூற்று உண்டு. அது வசந்தகாலத் தேவதை ஒருத்தியின் விழா என்பர்.

இதனைச் சொல்வோர் கிறிஸ்தவத்தின் பகைவர் மாத்திரமல்லர் என்பது கவனித்தற்குரியது. நத்தாரை மிகக் கடுமையாகக் கண்டித்தவர்கள் கிறிஸ்தவர்களே. ஒரே வேதாகமத்தை ஓதும் இரு சகோதரருள் ஒருவர் வீட்டில் நத்தார் மரம் ஒளிவீச, மற்றவர் வீட்டில் அந்நாள் வேலைநாளாகக் கழிவதும் உண்டு. கிறிஸ்தவரல்லாத நம் மாணவர்களோ, செவிவழி வந்த செய்தியை ஆராயாமல் ஒப்புவித்து, பிற சமயத்தாரை வாதில் வென்றுவிட்டதாக மகிழ்கின்றனர். உண்மை யாது என்பதை நிதானமாகப் பார்த்தல் இரு சாராருக்கும் நன்று.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட வழிபாடுகளைக் கைக்கொண்டவர்களை இலத்தீன் மொழியில் 'பாகானுஸ்' என்றனர். நாட்டுப்புறத்தான் என்பது அதன் பழம்பொருள். தமிழிற் பழைய மிசனரிமாரின் நூல்கள் அச்சொல்லை 'அஞ்ஞானி' என்று பெயர்த்தன. சைவரும் வைணவரும் அச்சொல்லுக்குள் அடக்கப்பட்டமையால், அது நம் செவிக்கு இனிமை தருவதன்று. இக்கட்டுரையில் அவர்களைப் பழஞ்சமயத்தார் என்றே குறிப்போம்.

ஒரே ஏட்டில் இரு பிறப்புக்கள்

யேசுநாதர் பிறந்த நாளை நற்செய்தி நூல்கள் கூறவில்லை. டிசெம்பர் 25ஐக் குறிக்கும் மிகப் பழைய தெளிவான சான்று, கி.பி. 354இல் உரோமாபுரியில் ஒரு கிறிஸ்தவச் செல்வருக்காக எழுதப்பட்ட ஓர் ஏடாகும். 336ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டதாக அறிஞர் கொள்ளும் ஒரு பட்டியல் அதிலே உண்டு. அப்பட்டியல் டிசெம்பர் 25இல் யூதேயாவின் பெத்லகேமிற் கிறிஸ்து பிறந்தார் என்கின்றது.

அதே ஏட்டில் உரோம அரசின் பொது நாட்காட்டியும் இடம்பெற்றுள்ளது. அதில் அதே நாளுக்கு நேரே 'வெல்லப்படாதவனின் பிறப்பு' என்ற குறிப்பும், அதன்பொருட்டு முப்பது தேரோட்டங்கள் நடைபெறும் என்ற செய்தியும் காணப்படுகின்றன. வெல்லப்படாதவன் எனப்பட்டவன் சூரியதேவன். 274இல் ஓரீலியன் என்னும் பேரரசன் அத்தேவனுக்கு உரோமாபுரியிற் பெருங்கோயில் எடுப்பித்தான். உரோமரின் பழைய கணக்கில் டிசெம்பர் 25, சூரியன் தென்கோடியை அடைந்து வடக்கே திரும்பும் நாள்.

பிறப்பைக் குறிக்க அந்நாட்காட்டி வழங்கும் இலத்தீன் சொல் 'நத்தாலிஸ்' என்பதாகும். அச்சொல்லே போர்த்துக்கேய மொழியில் 'நத்தால்' ஆகி, போர்த்துக்கேயரோடு ஈழத்துக்கு வந்து நம் நாவில் 'நத்தார்' ஆயிற்று. சூரியனின் பிறப்புக்கும் கிறிஸ்துவின் பிறப்புக்கும் வழங்கிய ஒரே சொல் இன்றும் நம்மிடையே உலவுகின்றது.

இவ்வளவையும் கேட்டவர், "வழக்குத் தீர்ந்தது, கிறிஸ்தவர் சூரிய விழாவை எடுத்துக்கொண்டனர்" என்று கூறிவிடுவர். ஆயின், அவ்வளவு விரைவிலே தீர்ப்புக் கூறுதற்கில்லை. சூரியதேவனின் பிறப்பு அந்நாளிற் கொண்டாடப்பட்டதற்கும் அந்த ஏடே முதற் சான்று. ஆகவே எது முந்தியது என்பதை அவ்வேட்டைக் கொண்டே நிறுவ முடியாது.

வேறொரு விளக்கமும் உண்டு. கிறிஸ்து சிலுவையில் மரித்த நாள் மார்ச்சு 25 என்று கி.பி. 200ஆம் ஆண்டளவிலேயே தெர்த்துல்லியன் எழுதியுள்ளார். அவர் கருவில் உற்பவித்ததும் அதே நாளில் என்ற நம்பிக்கை பின்னர் பரவியிருந்ததைப் புனித அகுஸ்தீனின் எழுத்துக் காட்டுகின்றது. மார்ச்சு 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசெம்பர் 25 வரும். கீழைத் திருச்சபைகளுட் சில மரித்த நாளை ஏப்ரல் 6 என்று கணித்தன. அவற்றுக்குப் பிறந்த நாள் ஜனவரி 6 ஆயிற்று. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6ஆம் நாளிலேயே கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகின்றது. இக்கணித விளக்கத்தை 1889இல் பிரெஞ்சு அறிஞர் தூசேன் எடுத்துரைத்தார். சூரிய விழாவினின்று வந்தது என்போரும் கணக்கினின்று வந்தது என்போரும் அறிஞரிடையே இன்றும் உளர்.

பாப்பரசரின் கடிதம்

நாள் எவ்வாறு வந்ததாயினும், பழஞ்சமய வழக்கங்கள் சில கிறிஸ்தவத்துட் புகுந்தன என்பதில் ஐயமில்லை. பாப்பரசர் முதலாம் சிங்கராயர் 440 முதல் 461 வரை பதவி வகித்தவர். உரோமாபுரியிற் புனித இராயப்பரின் ஆலயத்துக்கு வந்த கிறிஸ்தவர் சிலர், படிகளில் ஏறியதும் திரும்பி நின்று உதயசூரியனை வணங்கிய பின்னரே உள்ளே புகுந்தனர். அதனை அவர் நத்தார்ப் பிரசங்கமொன்றிற் கடிந்துரைத்தார். மக்கள் சமயத்தை மாற்றினர். தலை வணங்கும் திசையை மாற்றிலர்.

இச்சங்கடத்துக்கு வேறொரு பாப்பரசர் கண்ட வழி சரித்திரப் பிரசித்தி பெற்றது. 597இல் இங்கிலாந்தின் கென்ற் நாட்டுக்குத் துறவியர் குழுவொன்று சமயம் பரப்பச் சென்றது. பாப்பரசர் முதலாம் கிரகோரியார் 601இல் அந்நாட்டு அரசனுக்கு வரைந்த கடிதத்தில், பழைய வழிபாட்டிடங்களை இடித்தொழிக்குமாறு கூறினார். அதன்பின் அவர் கருத்து மாறியது. துறவி மெல்லிற்றசுக்கு அவர் எழுதிய கடிதம் பின்வருமாறு பணித்தது: கோயில்களை இடிக்கவேண்டா; உள்ளிருக்கும் விக்கிரகங்களை மாத்திரம் நீக்கிப் புனித நீர் தெளித்துப் பீடம் அமையுங்கள். பழைய தெய்வங்களுக்கு எருது பலியிட்டு உண்ட மக்கள், இனிப் புனிதரின் திருநாள்களில் ஆலயத்தைச் சுற்றிக் கிளைகளாற் குடில் வேய்ந்து, கடவுளுக்கு நன்றி கூறி அவ்வெருதுகளையே உண்டு மகிழட்டும். கடினமான உள்ளங்களிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்தெறிதல் இயலாது. உயரே ஏறுபவன் படிப்படியாகவே ஏறுகின்றான்.

இதனை விவேகம் என்று புகழ்வோர் உண்டு. தந்திரம் என்று இகழ்வோரும் உண்டு. எனினும், இதில் மறைவு ஏதுமில்லை. அக்கடிதத்தை இங்கிலாந்தின் சரித்திர ஆசிரியரான துறவி பீட் தம் நூலிற் பகிரங்கமாகவே சேர்த்து வைத்தார்.

நத்தாருக்குத் தண்டம்

இவ்விணக்கத்தை ஏற்க மறுத்தவர்கள் பிற்காலத்திலே தோன்றினர். பதினேழாம் நூற்றாண்டின் தூய்மைவாதிகள், "வேதத்திற் கட்டளையிடப்படாத விழா நமக்கு எதற்கு?" என்று வினாவினர். 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் நத்தாரையும் உயிர்த்த ஞாயிற்று விழாவையும் ஒழித்துச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு நத்தாரன்று கன்ரபரி நகரிற் கடைகளைத் திறக்க வேண்டுமென்று ஆணை பிறந்தபொழுது, மக்கள் கலகம் செய்து திறந்த கடைகளைத் தாக்கினர். 1660இல் மன்னராட்சி மீண்டதும் விழாவும் மீண்டது.

அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் குடியேற்றம் 1659இல், நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தது; 1681 வரை அச்சட்டம் நின்றது. அங்கு வாழ்ந்த போதகர் இன்கிறீஸ் மாதர், டிசெம்பர் 25 தெரிந்தெடுக்கப்பட்டது உரோமரின் சனி விழாவை ஒட்டியே என்று 1687இல் எழுதினார். இன்று நவீன கண்டுபிடிப்புப் போலப் பேசப்படும் வாதம், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பக்திமிக்க கிறிஸ்தவரின் வாயிற் பிறந்ததாகும். ஸ்கொத்லாந்தில் 1958இலேதான் நத்தார் பொது விடுமுறையாயிற்று. யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவினர் 1926க்குப் பின் அதனைக் கைவிட்டனர்.

அவர்களின் உறுதியை நாம் எளிதாக எள்ளி நகையாடலாகாது. தாம் நம்பியதற்காக ஊரே மகிழும் நாளில் தனித்திருப்பது சிறிய காரியமன்று. ஆயினும் உறுதி வேறு, சான்று வேறு.

சான்றில்லாத மூலங்கள்

உயிர்த்த ஞாயிற்றை ஆங்கிலர் ஈஸ்ரர் என்பர். ஈயோஸ்திரே என்னும் தேவதையின் பெயரால் ஒரு மாதம் வழங்கியது என்று பீட் 725இல் எழுதினார். அத்தேவதையைப் பெயர் சொல்லிக் குறித்த பழைய ஆசிரியர் வேறெவருமிலர். முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்கள் என்பதற்குப் பழஞ்சான்று கிடையாது. முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றிய செய்தி 1682இல் ஒரு ஜெர்மன் மருத்துவரின் நூலிற் காணப்படுகின்றது. அன்றியும், பெரும்பான்மையான ஐரோப்பிய மொழிகளில் அவ்விழாவின் பெயர் யூதரின் பாஸ்காவிலிருந்து பிறந்தது. ஆங்கிலமும் ஜெர்மனும் மாத்திரம் அறிந்த ஒரு பெயரைக் கொண்டு உலகக் கிறிஸ்தவரின் விழாவுக்கு மூலம் கற்பித்தல் பொருந்துமா?

1858இல் அலெக்சாந்தர் ஹிஸ்லொப் என்னும் ஸ்கொத்லாந்துப் போதகர், கத்தோலிக்க வழக்கங்கள் யாவும் பாபிலோனிலிருந்து வந்தவை என்று 'இரண்டு பாபிலோன்கள்' என்ற பெருநூலை விரித்து வெளியிட்டார். அதனை நம்பி ரால்ப் வூட்ரோ என்னும் அமெரிக்கப் போதகர் 1966இல் எழுதிய நூல் பெருவாரியாக விற்பனையாயிற்று. பின்னர் அவர் ஹிஸ்லொப் காட்டிய ஆதாரங்களைத் தேடிப் படித்தார். பல ஆதாரங்கள் நூலாசிரியர் கூறியதைக் கூறவில்லை என்று கண்டார். தம் நூலின் விற்பனையைத் தாமே நிறுத்தி, 1997இல் மறுப்பு நூலொன்றையும் எழுதினார். ஒற்றுமை ஒன்றைக் கண்டவுடன் உறவு கற்பிக்கலாகாது என்பது அவர் பெற்ற பாடம். ஆராய்ச்சி பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய சம்பவம் இது.

புதிய பழஞ்சமயத்தார்

நம் காலத்தில் இவ்வழக்கிற்கு மூன்றாம் கட்சியொன்றும் தோன்றியுள்ளது. இங்கிலாந்திற் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் எழுதிய நூலின் வழியே 'விக்கா' என்னும் புதுச் சமயம் பரவியது. ஐஸ்லாந்தில் 1972இல் நிறுவப்பட்ட பழந்தெய்வ வழிபாட்டுச் சங்கத்தை அடுத்த ஆண்டே அரசு அங்கீகரித்தது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 74,000 பேர் தம்மைப் பழஞ்சமயத்தார் எனப் பதிந்தனர். "எங்கள் விழாக்களைத் திருடினீர்கள்" என்று இவர்களுட் சிலர் கிறிஸ்தவரை நோக்கிக் கூறுவர். ஆனால், இவர்களுட் பலர் கொண்டாடும் எட்டு விழாக்களின் ஆண்டுச் சக்கரம், அவ்வடிவில், 1950களில் அமைக்கப்பட்டதே என்பதைச் சரித்திர ஆசிரியர் ரொனால்ட் ஹற்றன் எடுத்துக்காட்டியுள்ளார்.

இவர்களை அஞ்சி விலகும் கிறிஸ்தவரும் உண்டு. உரையாடும் கிறிஸ்தவரும் உண்டு. எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1954இற் கேம்பிரிட்ஜில் ஆற்றிய விரிவுரையில், ஐரோப்பா பழஞ்சமயத்துக்குத் திரும்புகின்றது என்ற அச்சம் ஆதாரமற்றது என்றார். கிறிஸ்தவத்தை விட்டு நீங்கியவன் பழஞ்சமயத்தான் ஆகிவிடமாட்டான் என்பதும், வழிபாடே இல்லாதவனுக்கும் இருவருக்குமுள்ள தூரமே பெரிது என்பதும் அவர் கருத்து.

பொருள் எங்கே உள்ளது?

இவ்வினா தமிழ் மண்ணிலும் எழுந்ததுண்டு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் இத்தாலிய குருவானவர், பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை மதம் மாறியோர் தொடர்ந்து அணியலாம் என்றார். அவை சமயச் சின்னமா, சமுதாய வழக்கமா என்று திருச்சபையில் நெடுங்கால வாதம் நிகழ்ந்தது. 1623இற் பாப்பரசர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1744இல் வேறொரு பாப்பரசர் பல வழக்கங்களைத் தடுத்தார். இன்றோ தமிழ்க் கத்தோலிக்க ஆலய முன்றில்களிற் பொங்கற் பானை பொங்குகின்றது.

இவ்விடத்திற் பவுலடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தை நினைவுகூர்தல் தகும். விக்கிரகத்துக்குப் படைத்த உணவை உண்ணலாமா என்று கேட்டவர்களுக்கு, சந்தையில் விற்கும் உணவை அது எங்கிருந்து வந்தது என்று வினாவாமல் உண்ணுங்கள். ஆனால் உங்கள் செயல் பிறன் ஒருவனின் மனச்சாட்சியைக் காயப்படுத்துமாயின் தவிருங்கள் என்று அவர் அறிவுறுத்தினார். கொண்டாடுபவருக்கும் தவிர்ப்பவருக்கும் இடந்தரும் விடை இது.

ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது சரித்திரக் கேள்வி. அதற்கு ஏடும் ஆண்டும் வேண்டும். அதனைச் செய்பவர் எதனை நினைந்து செய்கின்றனர் என்பது வேறு கேள்வி. அதற்கு அவர்களையே கேட்கவேண்டும். பெத்லகேமின் குழந்தையை நினைந்து நள்ளிரவிற் பூசை காணும் தாயொருத்தியை, "நீ சூரியனையே வணங்குகின்றாய்" என்று கூறுதல் சரித்திரமுமாகாது, நாகரிகமுமாகாது. நம் விழாக்களைப் பற்றிப் பிறர் அவ்வாறு கூறியபோது நாம் வருந்தியதுண்டு. அவ்வருத்தத்தைப் பிறர்க்குத் தாராதிருத்தல் நமக்கு அழகு.

நதிமூலம் ஆராய்வதிலே தவறில்லை. ஊற்றைக் கண்டவன் நதி முழுவதையும் கண்டுவிட்டதாக எண்ணாதிருந்தாற் போதும்.