மஞ்சளும் தோலும் விடும் ஒளி

பெங்களூரு ஜீவனஹள்ளியில் எந்த மளிகைக் கடையில் வாங்கிய மஞ்சள் தூளானாலும் சரி, ஒரு சிட்டிகை எடுத்துச் சமையல் எண்ணெயில் கலக்கித் தெளியவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பச்சை கலந்த மஞ்சளாய்ச் சுடர்விடும். விளக்கை அணைத்தால் அந்தக் கணமே அதுவும் அணையும். இதுதான் ஒளிர்தல். மஞ்சளில் உள்ள குர்குமின் மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத கதிரை விழுங்குகிறது. அதில் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. ஆற்றல் குறைந்துவிட்டதால் வெளிவரும் ஒளியின் அலைநீளம் கூடியிருக்கும். விழுங்கியதை வெளியே விட ஆகும் நேரம், ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் துணுக்குகளில் சில. 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கொய்னாக் கரைசலைக் கொண்டு இதை விளக்கினார். மற்றப் பொருள்களின் ஒளிர்வை ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகங்களில் இன்றும் கொய்னா கையாளப்படுகிறது.

ஒளிர்கிறதா என்று பார்க்கக் கண் போதும். எந்த அலைநீளத்தில், எவ்வளவு என்று சொல்லத்தான் ஃப்ளூரிமீட்டர் என்ற கருவி வேண்டும். செனான் விளக்கின் ஒளியிலிருந்து வேண்டிய அலைநீளத்தை மட்டும் பிரித்து, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு குவார்ட்ஸ் குப்பிக்குள் அனுப்புவார்கள். குப்பியின் நான்கு பக்கமும் தெளிவாக இருக்கும். உணர்கருவி எதிர்ப்பக்கத்தில் இருக்காது, செங்கோணத்தில் இருக்கும். இல்லாவிட்டால் விளக்கின் ஒளியே அதை நிறைத்துவிடும். புதிதாகக் கையாளுபவர்கள் தவறுவது பெரும்பாலும் கரைசலின் அடர்த்தியில். மஞ்சளைக் கூட்டக் கூட்ட ஒளியும் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஓர் அளவுக்கு மேல் போனால் முன்பக்கத்துக் கரைசலே வரும் கதிரையெல்லாம் விழுங்கிவிடும். கருவி பார்க்கும் நடுப்பகுதி இருண்டு, அளவீடு இறங்கும். நல்ல அளவீடு வேண்டுமென்றால் கரைசல் நிறமே தெரியாத அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும்.

அளப்பதைவிடப் பெரிய சிக்கல், வந்த ஒளி யாருடையது என்பது. இந்திய அறிவியலின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பே இந்தச் சிக்கலில் பிறந்ததுதான். 1923இல் கல்கத்தாவில் சி. வி. ராமனின் குழுவில் இருந்த கே. ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறும் ஒளியோடு மங்கலான வேறொரு ஒளியும் வருவதைக் கண்டார். மாசினால் எழும் ஒளிர்வாக இருக்கும் என்று கருதித் திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மையாக்கிப் பார்த்தும் அது போகவில்லை. பிறகு எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் கண்ட அத்தகைய ஒளி வலுவாகத் தளவிளைவு பெற்றிருந்தது, அதாவது அதன் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் இருந்தது. சாதாரண ஒளிர்வு அப்படி இருக்காது. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928 பிப்ரவரியில் அதைப் புதிய வகைச் சிதறல் என்று உறுதிசெய்தார்கள். அதற்கு 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு ஒரு ஃப்ளூரிமீட்டர் எவ்வளவு நுட்பமானது என்று சோதிக்க அதில் தூய நீரை வைத்து 350 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சுவார்கள்; 397 நானோமீட்டர் பக்கம் ஒரு சிறு முகடு எழும். அது நீரின் ராமன் சிதறல். ஒளிர்வு என்று ஒருகாலத்தில் தவறாக எண்ணப்பட்டதே இப்போது ஒளிர்வுக் கருவிகளுக்கு உரைகல்.

1933இல் பெங்களூருக்கு வந்த ராமன் வைரங்களின் ஒளிர்வையும் விடாமல் ஆராய்ந்தார். புற ஊதாக் கதிரில் சில வைரங்கள் நீலமாகவும் சில மஞ்சளாகவும் ஒளிரும், சில சும்மா இருக்கும். அவருடைய மாணவர் ஜி. என். ராமச்சந்திரனோ சென்னைக்குப் போய், 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜனின் முப்புரி வடிவத்தை வெளியிட்டார். தோலுக்கு உறுதி தரும் புரதம் அது.

அந்தத் தோலும் தானாக ஒளிரக்கூடியது. புரதங்களில் உள்ள டிரிப்டோபன் 280 நானோமீட்டர் கதிரை வாங்கி 350 பக்கம் ஒளிவிடும். கொலாஜன் இழைகளுக்கிடையே வயதோடு கூடும் சில பிணைப்புகள் 335இல் வாங்கி 385 பக்கம் விடும். செல்கள் ஆற்றலுக்குக் கையாளும் என்ஏடிஹெச் 340இல் வாங்கி 460இல் நீலமாக விடும். பாக்டீரியாக்கள் உண்டாக்கும் போர்ஃபிரின்கள் சிவப்பாய் மின்னும்.

தோல் மருத்துவர் இதைப் பார்க்கக் கையாளும் எளிய கருவி உட் விளக்கு. ராபர்ட் உட் 1903இல் கண்டுபிடித்த வடிகண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்து, 365 நானோமீட்டரை ஒட்டிய கதிரை மட்டும் விடும். 1925இல் மார்கரோ, தெவேஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் தலைமுடியில் பூஞ்சையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தினார்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, விளக்கு சூடேறும்வரை பொறுத்து, தோலிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார்கள். வெண்புள்ளி பளிச்சென்று நீலவெள்ளையாகத் தெரியும். தேமல் மங்கிய மஞ்சளாகத் தெரியும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வரும் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று பவளச் சிவப்பாக மின்னும். சோதனைக்கு முன் குளித்துவிட்டு வந்தால் போர்ஃபிரின் கழுவப்பட்டுச் சிவப்பே தெரியாமல் போகலாம். மாறாக, சாலிசிலிக் அமிலக் களிம்பு தடவியிருந்தால் களிம்பே ஒளிரும்; சலவைத் தூளின் வெண்மையூட்டி ஏறிய துணியின் நூல் ஒட்டியிருந்தால் அதுவும் ஒளிரும். இந்தியாவில் குழந்தைகளின் தலையில் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகளில் அதிகம் காணப்படுவது ட்ரைக்கோஃபைட்டன் வயோலேசியம், அது ஒளிர்வதில்லை. ஆகவே விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்துப் பூஞ்சை இல்லை என்று சொல்லிவிட முடியாது. சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும்.

நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் உருவான முறை இன்னொரு படி மேலே போனது. நீரிழிவில் சர்க்கரை புரதங்களோடு ஒட்டி உண்டாக்கும் சேர்மங்கள் கொலாஜனில் தங்கிவிடும். முன்கைத் தோலின் ஒளிர்வை அளந்து, தோலிலிருந்து திரும்பும் ஒளியால் வகுத்து, அந்தத் தேக்கத்தை ஊசியில்லாமல் மதிப்பிடுகிறார்கள். ஆனால் மெலனின் நிறைந்த கருத்த தோல், போகும் கதிரையும் வரும் ஒளியையும் விழுங்கிவிடும். திரும்பும் ஒளி மிகவும் குறைவாக இருந்தால் அந்தக் கருவியின் எண்ணை நம்ப முடியாது. நம் ஊரில் கையாளும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

வேதியியல் வேறு வழியில் இங்கே வந்து சேர்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அகில் ஆர். சக்ரவர்த்தியின் குழு, வெளிச்சம் பட்டால் மட்டும் புற்றுச் செல்லைக் கொல்லும் உலோகச் சேர்மங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. குர்குமினையும் உலோகங்களோடு பிணைத்துப் பார்த்தார்கள். தனிக் குர்குமின் உடல் சூட்டில் நீரில் விரைவில் சிதைந்துவிடும். உலோகத்தோடு பிணைந்தால் தாங்கும். தவிர, குர்குமின் நீரில் மங்கலாகவும் எண்ணெய்த்தன்மையுள்ள இடத்தில் பிரகாசமாகவும் ஒளிரும். மருந்து செல்லுக்குள் போனதா, எந்தப் பகுதியில் தங்கியது என்று நுண்ணோக்கியில் தேட அந்தப் பச்சை ஒளி உதவுகிறது. தோல் சார்ந்த சோதனைகளில் உலகெங்கும் பயன்படுவது 1988இல் ஜெர்மனியில் விவரிக்கப்பட்ட ஹாகாட் செல்வரிசை. எந்தச் செல்லானாலும் முதலில் மருந்தில்லாத செல்களின் ஒளிர்வை அளந்து, அதைக் கழித்த பிறகே மீதியை மருந்தின் கணக்கில் எழுத முடியும்.

கழிப்பதற்குப் பதிலாகக் காத்திருக்கும் வழியும் உண்டு. தோலின் சொந்த ஒளி நானோநொடிகளில் தீர்ந்துவிடும். நின்றொளிரும் பொருள் மில்லிநொடிகளுக்கும் நொடிகளுக்கும் நீடிக்கும். விளக்கை அணைத்துச் சற்றுப் பொறுத்து அளந்தால் அதன் ஒளி மட்டும் மிஞ்சும். கரிமப் பொருள்களில் இதைக் கெடுப்பது மூலக்கூறின் அசைவும் காற்றின் ஆக்சிஜனும். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் சுபி ஜார்ஜின் குழு, லாப்போனைட் என்ற களிமண் தகடுகளில் மூலக்கூறுகளைப் பிடித்து நிறுத்தி, நீரிலேயே நின்றொளிரச் செய்ததை 2018இல் வெளியிட்டது.

ஆழம் இன்னும் ஒரு தடை. புற ஊதாக் கதிர் தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. அதனால் ஆய்வு அகச்சிவப்பை ஒட்டிய சாயங்களின் பக்கம் நகர்கிறது. 800 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் இண்டோசயனின் பச்சையைச் சிரையில் செலுத்தி, வேறிடத்திலிருந்து எடுத்துப் பொருத்திய தோல்மடிப்பில் ரத்தம் ஓடுகிறதா என்று அறுவைக் கூடத்திலேயே கேமராவில் பார்க்கிறார்கள். ஒளிராத ஓரம் ரத்தம் எட்டாத ஓரம். அதை அப்போதே வெட்டி நீக்கலாம்.