இரட்டையருள் ஒருவருக்கு மட்டும்

எம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர் சில திங்களுக்கு முன் எம் இல்லம் வந்தார். அவர்தம் தமக்கைக்கு 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். "ஐயா, இது பரம்பரை நோயாமே! அக்காள் மகளுக்கும் வந்துவிடுமா? பெண் கேட்டு வந்தவர்கள் தயங்குகிறார்கள்" என்றார். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர்ப் படித்தறிந்தவற்றை ஈண்டுத் தருகிறோம்.

மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியுள்ளது. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே அவ்வுறையைப் பகையெனக் கருதித் தாக்குவதால் இந்நோய் விளைகிறது. பார்வை மங்கும், கைகால் மரக்கும், நடை தளரும். பாரிசு நகர மருத்துவர் சார்க்கோ 1868இல் இதனைத் தனி நோயாக விளக்கினார்.

ஓலைச்சுவடிகளை ஒப்பிடுவோர் ஓரெழுத்தால் வேறுபடும் பாடங்களைக் காண்பர். மரபணு மாற்றங்களும் பெரும்பாலும் அத்தகைய பாடவேறுபாடுகளே. அனைத்தையும் பிழையென்று தள்ளிவிட இயலாது. ஆறாம் குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள், அயற்பொருளின் துணுக்கை வெள்ளணுக்களுக்கு எடுத்துக்காட்டும் புரதங்களை ஆக்குவன. இவற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1972இல் முதன்முதலாகத் தெரியவந்தது. இவற்றுள் டி.ஆர்.பி.1 15:01 என்னும் வடிவம் உடையோர்க்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிறது. 2019இல் 47,000க்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 233 மாற்றங்களைப் பட்டியலிட்டனர். அவற்றுள் மிகப் பல, தனித்தனியே நோக்கின், வாய்ப்பைச் சிறிதளவே கூட்டுவன.

எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது இரட்டையர் பற்றிய செய்தியாகும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்க்கு மரபணுக்கள் ஏறத்தாழ முற்றும் ஒன்றே. அவருள் ஒருவர் நோயுறின் மற்றவரும் தப்பார் என்றுதானே எண்ணுவோம்? கனடாவில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றில் ஏறத்தாழ 25 இணைகளிலேயே மற்றவரும் நோயுற்றார். எனவே மரபணு வாயிலைத் திறந்து வைக்கிறது. உள்ளே நுழைவது வேறொன்று. எப்சுடீன்-பார் வைரசு தொற்றியோர்க்கு வாய்ப்பு 32 மடங்கு மிகுவதை, அமெரிக்கப் படைவீரர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளைக் கொண்டு 2022இல் காட்டினர். எனினும் அவ்வைரசு உலகில் பெரும்பாலோர் உடலில் தங்கியிருப்பதே. அதுவும் தனித்து நோயாக்குவதில்லை.

இம்மாற்றங்கள் அழியாமல் நிலைத்தது ஏன்? கருங்கடலுக்கு வடக்கே கால்நடை மேய்த்த யம்னயா மக்கள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் இவற்றை வடமேற்கு ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர் எனப் பழைய எலும்புகளை ஆராய்ந்தோர் 2024இல் எழுதினர். கால்நடைகளால் பரவிய தொற்றுக்களினின்று அவை அன்று காத்திருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. அன்றைய காவலே இன்று ஊறாயிற்று போலும்!

மாணவரை மீண்டும் அழைத்தோம். இந்நோய் மிகுதியாகக் காணப்படும் ஐரோப்பிய மக்களிடையேகூட, நோயுற்ற தாய் அல்லது தந்தையின் பிள்ளைகளுள் நூற்றில் இரண்டு மூன்று பேர்க்கே அது வருகிறது என்றோம். அவ்வெண்ணைத் தாளில் எழுதித் தருமாறு கேட்டார், எழுதிக் கொடுத்தோம்.