ஆர்டர் உள்ளவரை – 9: பதினோரு மாத சிஸ்டர்

வாலாஜாபாத் பக்கம் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தெருக்களில் காலையில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். குழித்தறி. கால்கள் குழிக்குள், மிதியின் மேல். உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். கூலி சேலைக் கணக்கு. ஆஸ்பத்திரி வரிசையில் போன அரை நாளுக்கு யார் காசு தருவார்கள்? பிரஷரும் சர்க்கரையும் வந்தது தெரியாமலே வருஷங்கள் ஓடும். காலில் வந்த புண்கூடக் குழியிருட்டில் கண்ணில் படாது.

இவர்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு வேலை உண்டாகியிருக்கிறது. அரசுத் தாளில் இடைநிலை சுகாதாரப் பணியாளர். ஊருக்கு வெறும் 'சிஸ்டர்'. 2018ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு வந்த பதவி. துணை சுகாதார நிலையத்தில் டாக்டர் உட்காருவதில்லை. பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, தொடர் மாத்திரை கொடுப்பது, சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது எல்லாம் சிஸ்டர்தான். 1965ல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும் தொடங்கிய 'நர்ஸ் பிராக்டிஷனர்' படிப்புக்கு இதைத் தூரத்துச் சொந்தம் எனலாம். அந்த அதிகாரம் இங்கே கிடையாது.

அந்தச் சம்பளமும் கிடையாது. அமெரிக்காவில் சில மாத ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போகும் நர்ஸுக்கு, நிரந்தர நர்ஸைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே கொடுப்பார்கள். நிச்சயமின்மைக்கும் ஒரு விலை உண்டு என்பது அந்தக் கணக்கு. நம் கணக்கு தலைகீழ். 2021 கடைசியில் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு 4,848 பேர் வேண்டுமென்று அறிவிப்பு வந்தது: மாதம் 18,000 ரூபாய், 11 மாத ஒப்பந்தம். நிரந்தர அரசு நர்ஸ் வாங்குவதில் இது பாதிகூட வராது. அதென்ன 11? பன்னிரண்டாவது மாதத்தைக் கண்டால் அலுவலகங்களுக்கு ஏனோ பயம்.

இதற்கு முன்கதை உண்டு. 2015ல் தேர்வு எழுதி வந்த ஏழாயிரத்துச் சொச்சம் நர்ஸுகளுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொரோனாவுக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்து நீட்டிக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31 கடைசி நாள்.

தற்காலிகம் என்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 2019ல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியபோது காஞ்சிபுரத்தில் மருத்துவ முகாம்கள் போட்டார்கள். உற்சவம் முடிந்தால் முகாமும் கலையலாம். அதில் நியாயம் இருக்கிறது. சர்க்கரை நோய் உற்சவமா என்ன?

ஒரு பாவு தீரப்போகும்போது தறிக்காரர் அதை ஒட்ட அறுத்துவிடுவதில்லை. விழுதிலும் அச்சிலும் பழைய இழைகளை மிச்சம் வைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு திரித்து இணைப்பார்கள். கண் நோகும் வேலை. இங்கே ஒப்பந்த ஆர்டர் முடிந்து ஒரு சிஸ்டர் போய் இன்னொருவர் வரும்போது கைமாறுவது பதிவேடு மட்டும். பெயர், வயது, பிரஷர் அளவு எல்லாம் அதில் இருக்கும். மாத்திரையை யார் பாதியாக உடைத்துப் போடுகிறார், எந்தப் பாட்டி மருமகளுக்குத் தெரியாமல் ஊசியை நிறுத்திவிட்டாள் என்பதெல்லாம் இருக்காது.

(தொடரும்)