உளூச் செய்த தண்ணீரில் ஒரு தொட்டி வாழை

விராலிமலை போன்ற வறண்ட பகுதியில் வீட்டுக்குள் வாழை வளர்க்க நாம் தயங்குவது தண்ணீரை நினைத்துத்தான். ஆனால் ஐவேளையும் உளூச் செய்த தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது? நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீரில் உளூச் செய்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் நாம் எவ்வளவு விடுகிறோம்! கீழே ஒரு அகலப் பாத்திரம் வைத்தால் வாழைக்குத் தாராளம். சோப்பு மட்டும் கலக்கக் கூடாது.

குட்டையாக வளரும் மோரிஸ் கன்றை, அடியில் துளையிட்ட பெரிய தொட்டியில், மட்கிய சாணம் கலந்த மண்ணில் நடலாம். வெயில் விழும் ஜன்னலோரம் அவசியம். வெளிச்சம் குறைந்தால் குலை தள்ளாது, இலைதான் மிஞ்சும். ரகம் பற்றிக் கேட்க, பக்கத்துத் திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுவோம். டெங்கு கொசு முட்டையிட அதுவே போதும்.