ஏரியின் மதிப்பு

நுழையும்முன்

சந்தைக்கு வரும் நெல்லுக்கு விலை உண்டு. அந்நெல்லை விளைவித்த ஏரிநீருக்கும், வெள்ளத்தைத் தாங்கிய கரைக்கும் சந்தையில் விலை இல்லை. விலை இல்லாதவை மதிப்பும் அற்றவையா? புதுச்சேரியின் ஏரிகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

நெற்களஞ்சியமும் நீர்வளமும்

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது வில்லியனூர் கொம்யூனிலுள்ள ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரியை அடைகிறது. தென்பெண்ணையாற்றின் நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. பாகூர், ‘புதுச்சேரியின் நெற்களஞ்சியம்’ என்று பெயர் பெற்றதில் இந்நீர்வளத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

பசுமைப் புரட்சிக்குப் பின் நிலைமை மாறியது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. விரும்பிய நாளில் நீர் கிடைத்ததால் உழவர்கள் ஏரியை நம்பியிருக்கத் தேவையில்லாமல் போயிற்று. மதகுகள் பழுதுற்றன, வண்டல் படிந்தது, வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன. ஏரி நிரம்பாதபோது நிலத்தடி நீரும் கீழிறங்கியது. கடலை அடுத்த நிலங்களில் நிலத்தடி நீர் தாழ்ந்தால், அவ்விடத்தை உவர்நீர் நிரப்பும் இடரும் உண்டு.

இங்கே உழவர் எவரும் தவறான கணக்குப் போடவில்லை. கிணற்றின் பயன் முழுவதும் அதை வெட்டியவருக்குக் கிடைத்தது; நீர்மட்டம் தாழ்ந்ததால் நேர்ந்த இழப்போ ஊர் முழுவதற்கும் பங்கிடப்பட்டது. ஒருவர் செயலால் விளைந்து, அவருடைய கணக்கில் சேராமல் பிறர்மீது விழும் இத்தகைய பயனையும் இழப்பையும் பொருளியலார் ‘புறவிளைவு’ என்பர். இப்புறவிளைவைக் கணக்கிற்குள் கொண்டுவர முயலும் துறைகளுள் ஒன்று சூழலியல் பொருளியல். பொருளாதாரம் இயற்கைக்கு உட்பட்டது. இயற்கை தாங்கும் அளவைக் கடந்து அது வளர இயலாது என்பது இத்துறையின் அடிப்படைக் கொள்கை.

அளக்கும் முறைகள்

ஏரியின் பயன்களை அளக்கப் பல முறைகள் உள்ளன. ஏரிநீர் பாயும் வயலின் விளைச்சலை, மற்றவை ஒத்திருக்க, அந்நீர் பாயாத வயலின் விளைச்சலோடு ஒப்பிடுவது ஒரு முறை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, வேளாண்மைக்கு அந்நீர் அளிக்கும் மதிப்பைக் காட்டும்.

ஏரி செய்யும் பணியை வேறு வழியில் செய்ய எவ்வளவு செலவாகும் என்று பார்ப்பது மற்றொரு முறை. இது ‘மாற்றுச் செலவு முறை’ எனப்படும். நியூயார்க் நகரம் இவ்வழியில் ஒரு முடிவெடுத்தது. குடிநீரை வடிகட்டும் பெரிய நிலையம் அமைக்க 600 கோடி டாலருக்கு மேல் தேவைப்படும் என மதிப்பிடப்பட்டது. நீர் ஊறிவரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியைக் காப்பதற்கோ அதில் ஒரு சிறு பகுதியே போதுமானதாக இருந்தது. 1997ஆம் ஆண்டு அந்நகரம் மலைப்பகுதி மக்களோடு உடன்பாடு செய்துகொண்டு, இரண்டாம் வழியைத் தேர்ந்தது.

ஊசுட்டேரி ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புடையது. அதில் ஏறக்குறைய பாதி புதுச்சேரியிலும் எஞ்சியது தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. வலசை வரும் பறவைகள் தங்கும் இவ்வேரியின் தன் பகுதியைப் புதுச்சேரி அரசு 2008ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவைகளைக் காண வருவோர் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் கொண்டு அவ்விடத்தின் மதிப்பைக் கணிப்பது ‘பயணச் செலவு முறை’.

இவ்வேரியைக் காக்க எவ்வளவு தர இசைவீர் என்று மக்களையே வினவுவதும் உண்டு. இம்முறையில் விழிப்பு வேண்டும். நூறு ரூபாய் தர இயலாத வேளாண் கூலித் தொழிலாளிக்கு ஏரி வேண்டாதது ஆகிவிடாது. அவர் குறிப்பிடும் தொகை, அவருடைய தேவையைவிட வருவாயையே மிகுதியாகக் காட்டும். அவ்வாறே, ஒரே நீரை வயல் விளைச்சலில் ஒருமுறையும் கிணற்று ஊற்றில் மற்றொரு முறையும் எண்ணிவிட்டால் மதிப்பு பொய்யாகப் பெருகிவிடும்.

காலமும் கணக்கும்

எதிர்காலப் பயனை இன்றைய மதிப்பிற்கு மாற்றப் பயன்படுவது ‘கழிவு வீதம்’. முப்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் 100 ரூபாய், ஆண்டுக்கு 10 விழுக்காடு கழிவு வீதத்தில் இன்று 6 ரூபாய்க்கும் குறைவான மதிப்பையே பெறும். 2 விழுக்காடு எனில் ஏறத்தாழ 55 ரூபாய் பெறும். ஏரி ஒன்றே, வீதத்தை மாற்றியதும் அதன் மதிப்பு ஒன்பது மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது. எனவே இவ்வீதத்தைத் தேர்வது கணக்கு மட்டுமன்று. பிறக்கவிருக்கும் தலைமுறைக்கு இன்றைய தலைமுறை எவ்வளவு இடம் தருகிறது என்னும் அறமும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா (1892–1960) காந்தியப் பொருளியல் அறிஞர். இயற்கையோடு இயைந்த ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி 1945ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தேனீ பூவிலிருந்து தேனை எடுக்கும்போதே மகரந்தச் சேர்க்கைக்கும் துணைபுரிவதைச் சிறந்த பொருளாதார நடைமுறைக்குச் சான்றாகக் காட்டினார்.

மக்களும் மதிப்பீடும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 1999ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஏரிகள் மறுசீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. தூர்வாருதல், கரையைப் பலப்படுத்துதல் ஆகியவற்றோடு, ஊர்தோறும் ஏரிச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதிகள் வகுத்து அதனை நெடுங்காலம் காக்க இயலும் என்பதைப் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவியவர் எலினோர் ஆஸ்ட்ரம். அவர் 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

கடைமடை உழவர், மீன்பிடிப்போர், ஆடுமாடு மேய்ப்போர், கரையோரம் புல்லறுக்கும் பெண்கள் எனப் பலருக்கும் ஏரி பலவாறு பயன்படுகிறது. இவர்கள் அனைவரையும் கேட்டபின்னரே கணக்கு முழுமை பெறும். ஏரிக்கு மதிப்புக் காண்பது அதனை விற்பதற்காக அன்று. கணக்கில் இடம்பெறாத வளம், திட்டம் வகுப்போரின் ஏட்டில் சுழியமாகவே நிற்கும். அதன்மேல் சாலையோ மனைப்பிரிவோ அமைப்பது எளிதாகிவிடும். ஏரி அழிந்தால் இழக்கப்போவது எது, இழப்போர் யாவர் என்பதை முன்னதாகவே தெளிவுபடுத்துவதே இம்முறைகளின் பயன். அத்தெளிவின்மீது வகுக்கப்படும் கொள்கையே நீடித்த வளர்ச்சிக்கு வழிவகுக்கும்.