முயல் தோற்ற கணக்கு

முயலும் ஆமையும் பந்தயம் ஓடிய கதையை அறியாத பிள்ளைகள் நம்மிடையே இல்லை. வழியிற் படுத்துறங்கிய முயல் தோற்றது. ஆயின், இக்காலத்து வேகக் கருவி ஒன்று அதனிடம் இருந்திருப்பின், "என் சராசரி வேகத்தைப் பாருங்கள், வென்றவன் நானே" என்று அது வழக்காடியிருத்தலுங் கூடும்.

நெடுந்தூரம் துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர் கைபிடியிற் பொருத்திக்கொள்ளும் சிறு கருவியைப் பற்றியே கூறுகின்றேன். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றிவரும் செய்மதிகளின் வானொலிச் சமிக்ஞைகளை அது பெறுகின்றது. ஒவ்வொரு சமிக்ஞையும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு செய்மதியின் தூரத்தை அறிகின்றது. நான்கு செய்மதிகள் அகப்பட்டால் தானிருக்கும் இடத்தைக் கணித்துவிடும். சமிக்ஞை ஒளியின் வேகத்திற் செல்வதால், ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிழைப்பினும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். இத்துணை நுட்பமான கணிப்பு உள்ளங்கையில் அடங்குவது வியப்பன்றோ!

எனினும், அடர்ந்த மரநிழலிலும் உயர்ந்த கட்டிடங்களிடையேயும் அக்கணிப்புத் தடுமாறும். ஆதலின், சில்லுச் சுழல்வதை எண்ணும் உணரியையும் சிலர் சேர்த்துக்கொள்வர். அதற்குஞ் சில்லின் சுற்றளவைச் சரியாகச் சொல்லவேண்டும். 205 சென்ரிமீற்றர் சுற்றளவை 210 எனப் பதிந்துவிட்டால், 1,200 கிலோமீற்றர்ப் பயணத்தில் ஏறக்குறைய 29 கிலோமீற்றர் கூடுதலாகக் காட்டும்.

இவை கருவியின் குறைகள். நம்முடைய குறை வேறொன்று. வண்டி நின்றவுடன் நேரக் கணக்கையும் நிறுத்திவிடும் வசதி இக்கருவிகளில் உண்டு. அப்போது அது காட்டும் சராசரி, ஓடிய நேரத்தின் சராசரியேயன்றிப் பயணத்தின் சராசரியன்று. முயலின் வழக்கும் இதுவே.

இதன் பொருளை உணர்வதற்குப் பிரான்ஸ் நாட்டுக்குச் செல்வோம். பாரிஸ் நகர்ப் பக்கத்திலிருந்து மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ற் நகர்வரை சென்று மீளும் சவாரி 1891ஆம் ஆண்டிலே தொடங்கியது. இக்காலத்தில் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் அச்சவாரி 2023ஆம் ஆண்டிலும் நடைபெற்றது. தூரம் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். அனுமதிக்கப்படும் மிக நீண்ட கால எல்லை 90 மணி. உண்பதும் உறங்குவதும் பழுதுபார்ப்பதும் அதனுள்ளேயே அடங்கும்.

மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்க. 1,200ஐ 90ஆல் வகுத்தால் மணிக்கு 13.3 கிலோமீற்றர். இஃதொரு பெரிய காரியமா என்று தோன்றும். ஓடும்போது மணிக்கு 16 கிலோமீற்றர் செல்பவர் 75 மணி நேரம் மிதித்தல் வேண்டும். மூன்று இரவுகளுக்கும் எல்லா உணவுகளுக்குமாக எஞ்சுவது 15 மணியே. வழியிற் பத்து இடங்களில் அரைமணி வீதம் வீணே பேசியிருந்தால் 5 மணி போயிற்று. அவருடைய கருவியோ அப்பொழுதும் 16 என்றே காட்டிக்கொண்டிருக்கும்!

இழந்த நேரத்தை ஈடுசெய்யக் களைத்த கால்களால் இயலாது. ஈற்றில் அதனை உறக்கத்திலிருந்தே கடன் வாங்குகின்றனர். இரவு வீதியிலே கண்ணயர்ந்து வண்டியோட்டுதல் உயிரோடு விளையாடுவதாகும். ஆதலால், அனுபவமுள்ளோர் ஓடிய நேரத்தோடு, புறப்பட்டதிலிருந்து கழிந்த முழு நேரத்தையும் கருவியிற் பார்த்துக்கொள்வர். வேகத்தைக் கூட்டுவதிலும் வீண் தரிப்பைக் குறைப்பதையே நாடுவர்.

பரீட்சைக்குப் படிப்போருக்கும் இக்கணக்குப் பொருந்தும். பகலைப் பேச்சிற் கழித்துவிட்டு, இரவில் விழித்திருந்து விரைவாகப் படித்ததைப் பெருமையாகச் சொல்வாருளர். புத்தகம் விரிந்திருந்த நேரத்தை மட்டும் எண்ணாது, மூடியிருந்த நேரத்தையும் எண்ணிப் பார்ப்பார்களாக.